மாப்பிள்ளை போடாத பந்து

“உங்க மாப்பிள்ளை துறைமுகத்து கோச்சோட பைக்ல போனாராம்.”

சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி மனைவி இதைச் சொன்னபோது, மாஸ்டர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கை அப்படியே நின்றது.

யார் பார்த்தது என்று கேட்டார். பார்த்தவர்கள் சொன்னார்கள் என்றாள். எதற்காம் என்று கேட்டார். அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், உங்கள் டீம், உங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பெண்ணுக்குப் போன் போட்டு விசாரித்தார். இரண்டு நாளாக லேட்டாகத்தான் வீட்டுக்கு வருகிறார், கேட்டால் சிரிக்கிறார் என்றாள் அவள்.

சாயந்தரம், மாஸ்டர் பயிற்சி கொடுக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனி டீமுக்குப் பாஸ்கெட்பால் இறுதி ஆட்டம். எதிரே அதே துறைமுகத்து டீம். கம்பெனி மேனேஜர் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த வருஷமும் கோப்பை வராவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார்கள். பேக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்ப்பது மாஸ்டருக்குச் சோற்றுக்கு. உயிர் இருந்தது அந்த டீமில்தான்.

டீமின் உயிர் மாப்பிள்ளை. ஆறடிக்கு மேல் உயரம். கல்யாணத்துக்கு முன்னால் “டேய் நெட்டை” என்று அவரைத் திட்டிய வாய், பெண்ணைக் கொடுத்த பிறகு “மாப்பிள்ளை, நீங்க” என்று குழைய வேண்டியதாயிற்று. மற்ற நால்வரை மாஸ்டர் வாய்க்கு வந்தபடி பேசுவார். மாப்பிள்ளையைக் கண்டிக்க வேண்டுமென்றால் மட்டும் சோடாபுட்டியிடம் சொல்லி அனுப்புவார். சோடாபுட்டி, கண்ணாடியை ரப்பர் கயிற்றால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுகிறவன்.

மாஸ்டரிடம் இருந்தது ஒரே திட்டம். எந்தப் பந்தானாலும் மாப்பிள்ளை கைக்குப் போக வேண்டும், அவர் வளையத்தில் போடுவார். அதை வைத்தே இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர் மாப்பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மற்ற நால்வரை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. உள்ளேயிருந்து யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையோ வளையத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பந்து கைக்கு வந்த உடனே, தனியாக நிற்கும் யாருக்காவது தள்ளிவிட்டார். பந்து போட்டுப் பழக்கமில்லாத அவர்கள் பதறிப்போய்ப் பலகையில் அடித்தார்கள். சோடாபுட்டி எறிந்த ஒன்று பலகையைக்கூடத் தொடாமல் கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

“டேய் சோடாபுட்டி, பந்தை வளையத்துல போடணும்னு உங்க அண்ணனுக்கு ஞாபகப்படுத்து. ஊருக்கெல்லாம் பரிமாறிக்கிட்டிருக்காரு.”

சோடாபுட்டி போய்ச் சொன்னான். மாப்பிள்ளை கேட்டுவிட்டு அடுத்த பந்தை அவனுக்கே கொடுத்தார்.

பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் முதல் தடவையாக மாஸ்டர் நடுவில் ஆள் வைக்காமல் கேட்டார்.

“மாப்பிள்ளை, அந்தாளோட பைக்ல போனீங்களா?”

“போனேன் மாமா.”

“எதுக்கு?”

“ஆட்டம் முடியட்டும், சொல்றேன்.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கும், கடலைப் பார்த்த குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கும். இன்றைக்குத் தோற்றுக் கொடுப்பதுதான் அதற்குக் கூலி. உண்ட வீட்டுக்கு இரண்டகம். மாஸ்டர் அவரை எரித்துவிடுவது போல் முறைத்தார். இனி எல்லாப் பந்தையும் நீங்கள்தான் போட வேண்டும் என்று கையை நீட்டிச் சொன்னார். மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

போய், பழையபடி அதையேதான் செய்தார்.

மூன்று பேரும் அவரை ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே பறந்து சோடாபுட்டிக்குப் போனது. ஆனால் நால்வருக்கும் இப்போது பதற்றம் தெளிந்திருந்தது. மறிக்க ஆளில்லாததால் நின்று நிதானமாகக் குறி பார்த்தார்கள். சோடாபுட்டி ஒன்று போட்டான். அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. இன்னொன்றும் போட்டான். பிறகு மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். கடைசி விசில் ஊதியபோது அட்டைப்பெட்டிக் கம்பெனி ஜெயித்திருந்தது. மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை.

நால்வரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மாஸ்டர் அசையவில்லை. டீம் பிழைத்தது கடவுள் புண்ணியம், மாப்பிள்ளை செய்தது துரோகம்தான் என்று அவர் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்.

துறைமுகத்து கோச் கை கொடுக்க வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“உங்க பிளானை உங்க மாப்பிள்ளையே வந்து எங்கிட்ட சொன்னாரு சார். எல்லாப் பந்தும் தன் கைக்குத்தான் வரும், மூணு பேரைத் தன்மேல போட்டா கதை முடிஞ்சதுன்னாரு. அடுத்த வருஷம் எங்க டீமுக்கே வந்துடறேன்னாரு.”

மாஸ்டர் திரும்பினார். “டேய் நெட்டை” நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“கொஞ்சம் இருங்க” என்றார் கோச். “பாதி ஆட்டத்துலயே இது வலையோன்னு எனக்குப் பட்டுச்சு. மூணு பேரையும் பிரிச்சு விடத்தான் இருந்தேன். அப்பதான் நீங்க அவரை மொறைச்சதைப் பார்த்தேன். அது நடிப்பு இல்ல. மாமனாரே இப்படி வயிறெரிஞ்சா, ஆளு நிஜமாவே நம்ம பக்கம்தான்னு அப்படியே விட்டுட்டேன். சுதாரிக்கிறதுக்குள்ள ஆட்டம் போச்சு.”



“உங்களுக்கு நடிக்க வராதே மாமா” என்றார் மாப்பிள்ளை. “அதனாலதான் நான் பைக்ல போன விஷயத்தை, இன்னிக்குப் பார்த்து உங்க காதுல போடச் சொல்லி அத்தைகிட்ட கேட்டுக்கிட்டேன்.”