உள்ளங்கைக் காய்ப்பு

மாத்தளை டவுனில், மாடியிலிருக்கும் ஜிம்முக்குள் மாலை வெயில் சாய்வாக விழுந்துகிடக்கிறது. மூலையில் யாரோ ஒருவர் எடை தூக்க, இரும்புத் தட்டுகள் மெல்ல உரசிக்கொள்கின்றன. எல்கடுவ தோட்டத்திலிருந்து வந்து புடவைக்கடையில் வேலை பார்க்கும் லோகேந்திரன், ஜிம்மை நடத்தும் கமால்தீன் நானாவின் மேசை முன்னால் நிற்கிறான். "நானா, இனி நான் வரல. என் பேர வெட்டி விட்டுருங்க." "ஒரு வருஷத்துக்கு சைன் வச்சீங்க தானே தம்பி? நடுவில விடேலாது." கமால்தீன் ஒப்பந்தத் தாளை அவன் பக்கம் திருப்பி, கையெழுத்தின் மேல் விரலை வைக்கிறார். மின்விசிறிக் காற்றில் தாளின் நுனி துடிக்கிறது. லோகேந்திரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தாளின் மேல் விரித்துக் காட்டுகிறான். விரல்களின் அடியில் வரிசையாக, எடை தூக்கித் தூக்கி மஞ்சள் பாரித்த காய்ப்புகள். "நேத்து செக் பொயின்ட்ல ஆமிக்காரன் இதத் தடவிப் பாத்துட்டு, வன்னியில புலிகள்கிட்ட எங்க ட்ரெய்னிங் எடுத்தேன்னு கேட்டான். முதலாளி வந்து சொன்ன பெறகுதான் விட்டாங்க. நாளைக்கும் அந்த வழியாத்தான் நான் போவணும், நானா." குரலில் கோபமில்லை, மழை வரப்போகிறது என்று சொல்பவனைப் போலச் சொல்கிறான். கமால்தீன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு தாளை அவற்றின் அடியிலிருந்து மெதுவாக உருவியெடுத்துக் கிழித்துக் கூடையில் போடுகிறார். "போய்ட்டு வாங்க தம்பி." படியருகே போன லோகேந்திரன் திரும்பி நின்று கேட்கிறான்: "இது எத்தன நாள்ல மறையும் நானா?" வாலிப வயதிலிருந்து இரும்பைக் கைவிடாத கமால்தீன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். அவருக்குத் தெரியவில்லை.