இழுத்துப் பார்க்கிற குஞ்சு

எலுமிச்சை மரத்துத் தையல்சிட்டுக்கு இரண்டு வேலை. குஞ்சுக்குப் புழு ஊட்டிக்கொண்டே ஊரார் பிள்ளைகளுக்குத் துணிப்பொம்மை தைக்கும்.

பொம்மை முடிந்ததும் முதலில் குஞ்சிடம்தான் போகும். "எங்கே, நல்லா இழுத்துப் பாருடா கண்ணு!" குஞ்சு கையை இழுக்கும், காலை இழுக்கும், காதைக் கடிக்கும். தையல் விடவில்லை என்றால் அம்மா பொம்மையை வாங்கிக்கொள்ளும்.

"கீச் கீச்! ஆச்சாக்கா? எங்க வீட்டு வாலுங்க கத்திக் கத்தி என் காதே போச்சு!" என்று அணில் வந்து நிற்கும்.

"ஆச்சு, ஆச்சு. எம்புள்ளையே கடிச்சுப் பார்த்துட்டான்."

"கொடுத்துவெச்சவன்! தினம் ஒரு புதுப் பொம்மை!"

சிட்டுக்குப் பெருமை தாங்காது. முதல் பொம்மையை அம்மா திரும்ப வாங்கியபோது குஞ்சு அதன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. நாலாவதிலிருந்து தானே நீட்டியது. "சமத்து!" என்றது அம்மா.

குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது. நாளைக்குப் பறந்துவிடும். அப்போதுதான் சிட்டு கூட்டை நன்றாகப் பார்த்தது. உள்ளே ஒரு பொம்மைகூட இல்லை. அவசர அவசரமாகச் சிவப்புத் துணியில் இலவம்பஞ்சு அடைத்து, இருப்பதிலேயே அழகாக ஒன்று தைத்தது.

"இந்தாடா."

குஞ்சு கையை இழுத்தது, காலை இழுத்தது, காதைக் கடித்தது. "கெட்டித் தையல்மா. யாருக்கு? அணில் சித்திக்கா?"

"உனக்குத்தான்டா, தங்கம்."

"எனக்கா?" குஞ்சு பொம்மையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "நான்தான் இழுத்துப் பார்த்துட்டேனே. இன்னும் இதை என்னம்மா செய்யணும்?"