பதினாலாம் வரிசை ஆக்சில்

"ஏம்மா, அந்த நட்டு உன் கைக்கெல்லாம் மசியாது. தள்ளு, தள்ளு!"

லெஸ்டர் போட்ட சத்தத்தில், சக்கரமில்லாத சாம்பல் நிறக் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் நீள ஸ்பேனர், கன்னத்தில் கிரீஸ்.

டொலிடோ நகருக்கு வெளியே இருக்கும் அந்தக் காயலான் மைதானத்தில் உள்ளே நுழைய இரண்டு டாலர். வரிசை வரிசையாகக் கிடக்கும் பழைய கார்களில் வேண்டியதை அவரவரே கழற்றி எடுத்து, வாசலில் காசு கட்டிவிட்டுப் போகலாம். லெஸ்டருக்கு வேண்டியது முன்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில் இரண்டு. அவருடைய இருபது வருஷக் காரை எந்தப் பக்கம் திருப்பினாலும் 'டக் டக் டக்' என்று தெருவே திரும்பிப் பார்க்கிறது. மெக்கானிக் எழுநூறு கேட்டான். "அந்தக் காசுக்கு உன் கடையையே வாங்கிடுவேன்!" என்று சீறிவிட்டு வந்துவிட்டார்.

சீறியாயிற்று. ஆனால் நாளைக் காலை ஈரி நகரத்துக்குப் போயாக வேண்டும். மச்சினி மகளுக்குக் கல்யாணம். தன் கார் ஓடவில்லையென்றால் மச்சான் நார்மின் புதுக் காரில், பின்சீட்டில், மூன்று மணி நேரம் அவன் உபதேசத்தைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். அதற்கு நடந்தே போய்விடலாம்.

மைதானம் முழுக்க அலைந்ததில் அவர் கார் மாடலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பதினாலாம் வரிசையில். அங்கே இவள் முந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"முன் ஆக்சிலா?"

"ஆமாங்க..." அவள் தடுமாறினாள். "என் வண்டியும் இதே மாடல்தான்."

"உன்னுது ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?"

"ஆட்டோமேட்டிக்."

"போச்சு போ! இது மேனுவல் வண்டியாச்சே. இந்த ஆக்சிலுக்குப் பல்லு இருபத்தாறு. உன் வண்டிக்கு இருபத்தெட்டு வேணும். இதைக் கொண்டுபோய் என்ன பண்ணுவே? அடுப்புல குத்தி வச்சு கறி வாட்டுவியா?"

வாய் கூசாமல் அளந்தார். இரண்டு வண்டிக்கும் ஒரே ஆக்சில்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அவள் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படிங்களா? எனக்கு என்னங்க தெரியும். யூடியூப் பார்த்துட்டு வந்தேன்."

"யூடியூப் பார்த்தா மெக்கானிக் ஆயிடலாமா? முப்பது வருஷமா என் வண்டியை நானே பார்த்துக்கறேன், தெரியுமா? அது சரி, பக்கத்துல நிக்கற தள்ளுவண்டியில என்ன?"

புழுதியும் கிரீஸும் அப்பிய ஆக்சில் இரண்டு அதில் கிடந்தன.

"என் வண்டி வீட்டுல நிக்குது. அளவு பார்க்கறதுக்காக அதோட பழைய ஆக்சில் ரெண்டையும் இரவல் கார்ல கொண்டாந்தேங்க. 'ரெண்டு'ன்னு வாசல்ல எழுதிக்கிட்டுத்தான் உள்ளேயே விட்டாங்க."

"கருமம், கருமம்! இந்தக் குப்பையைப் போட்டுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டினே?"

"என்னங்க பண்றது. ரெண்டு கொண்டாந்தேன், ரெண்டையும் திருப்பி எடுத்துட்டுப் போறேன்." பெருமூச்சு விட்டாள். "அப்ப இதை நீங்களே கழட்டிக்கறீங்களா, அண்ணே?"

"ஏதோ உனக்காகத்தான்" என்றார் லெஸ்டர், பெரிய மனது பண்ணி.

அவள் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனாள். அவள் மறைந்ததும் லெஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். ஆறு மாதம் மழையிலும் பனியிலும் கிடந்த காரின் நட்டு, ஒரே தம்மில் கழன்றது. மறு பக்கமும் அப்படியே. 'கைன்னா இது கை!' என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டார். ரப்பர் உறைகளில் ஒரு கீறல் இல்லை. புத்தம் புதிதாக மின்னின. இப்படிப்பட்ட ஆக்சிலோடு காரைத் தூக்கிப் போட்டிருக்கிறானே, எவன் அந்தப் பைத்தியக்காரன்!

வாசலில் காசு வாங்கும் ஹாங்க் சாண்ட்விச்சைக் கடித்தபடி எண்பது டாலரை வாங்கிக்கொண்டான். 'விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை' என்ற பலகையை ஸ்பேனரால் தட்டிக் காட்டினான்.

"திருப்பித் தர நான் என்ன லூசா?" என்று சிரித்துவிட்டு, லெஸ்டர் மனைவிக்குப் போன் போட்டார்.

"டோலோரஸ், உன் தம்பிகிட்ட சொல்லு. நாளைக்கு நம்ம கார்லதான் வர்றோம். பின்சீட்டுல அவன் வாயை மட்டும் உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்!"

"நிஜமாவா? வழியில நின்னுச்சுன்னா சந்தி சிரிக்கும், பார்த்துக்கோங்க."

"நிக்காதுடி! சரக்கு அப்படி!"

வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் அந்தப் பெண் டிக்கியை மூடிக்கொண்டிருந்தாள். லெஸ்டருக்கு வாய் சும்மா இருக்குமா? ஆக்சில் இரண்டையும் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தியாம்மா? தெரிஞ்சவன் கையில கிடைச்சா இப்படித்தான்! உனக்குத்தான் கொடுத்து வைக்கலே."

அவள் அந்த இரவல் காரில் ஏறி, எஞ்சினைப் போட்டு, கண்ணாடியை இறக்கினாள்.

"அந்த இருபத்தெட்டு பல்லு கதை நல்லா இருந்துச்சு, அண்ணே. ஆனா நீங்க வந்தப்ப நான் ஒண்ணும் கழட்டிக்கிட்டு இல்ல. அந்த வண்டியோட ஆக்சிலைக் கழட்டித் தள்ளுவண்டியில போட்டுட்டு, மேலே மட்டும் புது ரப்பர் உறை போட்டு வீட்டுலேருந்து கொண்டாந்த என் தேஞ்ச ஆக்சிலை அதுல மாட்டி, கடைசி நட்டை இறுக்கிக்கிட்டு இருந்தேன்."