இடது பக்கம்

"அந்தம்மாவே பாக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

காலையிலிருந்து இப்படிச் சொன்னவர்களில் இது நாலாவது ஆள். ஸ்கேன்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா, பக்கவாதம் வர வாய்ப்புண்டா என்று பார்க்கிற மையம் அது. இரண்டே அறைகள். ஒன்றாம் அறையில் இவர், பத்தொன்பது வருஷமாக. இரண்டாம் அறையில் அந்த 'அந்தம்மா', சின்னப் பெண்தான் அவள், எட்டே மாதமாக. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க இரண்டாம் அறையைப் பார்த்தே முகத்தை வைத்திருந்தது.

"அப்படி என்ன சொக்குப்பொடி போடுறா?" என்றார், டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம்.

"ஜெல்லை வெதுவெதுப்பா ஆக்கித் தடவுறாங்களாம். பேச்சும் இதமாம். நீங்க 'அசையாதீங்க'ன்னு ஒரு அதட்டுப் போட்டாலே பாதிப் பேருக்கு பிரஷர் ஏறிடுது சார்."

"ஸ்கேன் எடுக்க வந்தாங்களா, சீராட வந்தாங்களா?"

அதுகூடப் போகட்டும். குட்டைக் கழுத்து, பருத்த கழுத்து, குழாய் எங்கே ஓடுகிறதென்றே பிடிபடாத கழுத்து வந்தால் மட்டும், இரண்டாம் அறைக்காரி சீட்டில் 'ஒன்றாம் அறை' என்று எழுதி இவரிடம் தள்ளிவிடுவாள். சுளுவானதெல்லாம் அவளுக்கு. மல்லுக்கட்டுவதெல்லாம் இவருக்கு. சாயங்காலம் பார்த்தால் அவள் முடித்தது பதினெட்டு, இவர் முடித்தது பதினொன்று. நேற்று டாக்டர் வேறு எல்லார் முன்னாலும், "அந்தப் பொண்ணோட வேகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஒரு சீட்டு. அவள் கையெழுத்துதான். ஒன்றாம் அறை.

சீட்டோடு வந்த பெரியவருக்குக் கழுத்து என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. தலை நேரே தோளில் உட்கார்ந்திருந்தது.

"படுங்க. தலையணை வேணாம். முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க."

"தம்பி, போன வாரம் ரெண்டு நிமிஷம் இந்த வலது கை என் கை மாதிரியே இல்ல. பிடிச்சிருந்த டம்ளர் தானா நழுவிடுச்சு. அப்புறம் சரியாப் போச்சு."

"ம்."

வலது கையை ஆட்டுவிப்பது மூளையின் இடது பாதி; வலது கை மரத்ததென்றால் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்கக் குழாயைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். இவருக்குத் தெரியாததில்லை.

வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம், தாடைக்குக் கீழே குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஏதோ நிழலாடியது. கருவியைச் சாய்த்தும் அழுத்தியும் ஒரு பத்து நிமிஷம் பொறுமையாகத் தேடினால் அது என்னவென்று தெரிந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் அறையில், யாரோ கலகலவென்று சிரித்தார்கள்.

நான் இங்கே கிடந்து மாரடிக்கிற நேரத்தில் அவள் இன்னும் இரண்டு பேரை முடித்து நல்ல பேர் வாங்கிக்கொள்வாள்!

கருவியை எடுத்துவிட்டார். வலது பக்கத்து ரத்த ஓட்ட எண்களையே ரிப்போர்ட்டில் இடது பக்கத்துக்கும் தட்டினார். 'அடைப்பு இல்லை.'

"எழுந்திரிங்க பெரியவரே. ஒண்ணுமில்ல." ரிப்போர்ட்டை நீட்டினார்.

"அவ்வளவுதானா தம்பி? நீங்க ரொம்ப நேரம் பாப்பீங்கன்னு சொன்னாங்களே."

"வெளியே ஆள் நிக்குது."

பெரியவர் வெளியே போய் மூடின கதவு உடனே திறந்தது. அவள் நின்றாள். கையில் அந்த ரிப்போர்ட். கண் கலங்கியிருந்தது.

பிடிபட்டுவிட்டோம் என்று இவருக்குத் திக்கென்றது. முந்திக்கொண்டார். "கஷ்டமான கழுத்தெல்லாம் என் தலையில கட்டுறீங்களே, எனக்கென்ன எட்டுக் கையா?"

"தப்புதான் சார். எனக்குச் சரியாத் தெரியலைன்னா, உத்தேசமா எதையாவது எழுதிடுவேனோன்னு பயம். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு அனுப்பிடுறேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், என் பதினெட்டும் உங்க பதினொண்ணும் ஒண்ணாகாதுன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுவும் இன்னிக்கு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவர் எங்கப்பா சார்."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே..."

"எதுக்கு சார்? நீங்க எல்லாரையும் எப்படிப் பாப்பீங்களோ, அப்படிப் பாத்தாலே போதும்னு விட்டுட்டேன். ஒரு வாரமா வீட்ல யாருக்கும் தூக்கமில்ல. நீங்களே 'இல்லை'ன்னு எழுதிட்டீங்க. இனிமே என்ன பயம்?"

ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இரும்மா." அவர் எழுந்தார். "அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு, அப்பாவை மறுபடி வந்து படுக்கச் சொல்லு. அவருக்கு நான் இடது பக்கம் பாக்கவே இல்ல."