இரண்டு கோடிக் காதுகள்

இசை உலகின் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது என்று, கேசட் காலத்திலிருந்து பாட்டு விற்றுவரும் கம்பெனியின் முதலாளி மேடையில் அறிவித்தார். ஒரு புதுப் பாடகியின் முதல் பாட்டை அவர் கம்பெனி இணையத்தில் வெளியிட்டிருந்தது. ஒரே வாரத்தில் அதை ஒரு கோடிப் பேர் கேட்டிருப்பதாக அங்கே எண்ணிக்கை காட்டியது.

"நானே தினமும் கேக்கறேன்மா. முடிக்கறப்போ ஒரு இழுப்பு இழுக்கறே பாரு, கண்ணு கலங்கிடுது" என்று பாடகியிடம் பாராட்டுக் கேடயத்தை நீட்டினார்.

பாடகி வாங்கிக்கொள்ளவில்லை. "இணையத்துல இருக்கறதை இங்க ஒரு தடவை போடுங்க சார். எங்கம்மா கேக்கணும்."

போட்டார்கள். அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா?" என்று முதலாளி ஒலிப்பதிவாளர்மேல் பாய்ந்தார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு சார். ஃபைலை மாத்தி ஏத்திட்டோம். இதுல சத்தமே இல்ல."

"அதைச் சொல்லத்தான் வாரம் பூரா போன் பண்ணேன், யாரும் எடுக்கல" என்றாள் பாடகி. "இந்தப் பாட்டு ஓடலைன்னா பாடறதையே விட்டுடறேன்னு வீட்டுல வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ அந்த ஒரு கோடிப் பேரும் எதைங்கய்யா கேட்டாங்க?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படி ஒருவரும் கிடையாது. அந்த எண்ணிக்கையை இணையத்தில் மொத்த விலைக்கு வாங்கியவர் அவர்தான்.