அமாவாசைக்கு மறுநாள்

சமையலறை ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

வெளியே மதில்மேல் வாழையிலை. சோறு, பருப்பு, நெய், இரண்டு வடை, ஒரு கரண்டி பாயசம்.

காகத்தைக் காணோம்.

மதிலை ஒட்டியிருந்த துவைக்கிற கல்லுக்குக் கீழே பொரி படுத்திருந்தது. ஓர் ஆயுதபூஜையன்று வாசலில் வந்து நின்ற நாய்க்குட்டிக்கு, கையிலிருந்ததை அள்ளிப் போட்டு, அதையே பெயராகவும் வைத்தவள் அவர் மனைவி தெய்வானை. பதினோரு வருடம் ஆகிறது. இப்போது கட்டிலில் ஏறவே முக்கி முனகும் கிழம்.

அந்தக் கிழத்துக்குத்தான் நாலு மாதமாக அவ்வப்போது வயிறு கெட்டுப்போகிறது. ஒருநாள் வாந்தி, பேதி. இரண்டு நாள் பட்டினி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டும்.

அவர் விடவில்லை. பிஸ்கட்டை மாற்றினார். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார். கோழி எலும்பை மதில் தாண்டி வீசுகிறாள் என்று பக்கத்து வீட்டு மரகதத்தோடு சண்டைக்குப் போனார். அவள் சுத்த சைவமாம். அன்றோடு அந்தப் பேச்சுவார்த்தையும் நின்றது. அவர் குரலைக் கேட்க இப்போது நாயை விட்டால் ஆளில்லை.

கால்நடை டாக்டரம்மாதான் வழி சொன்னார்.

"எண்ணெய்ப் பலகாரம், திராட்சை போட்ட இனிப்பெல்லாம் இதுக்கு ஆகாதுங்கய்யா. என்னைக்கு என்ன தின்னுது, என்னைக்கு முடியாமப் போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. காரணமில்லாம வராதுங்க."

"அதெல்லாம் நான் கண்ணுலயே காட்டறதில்லீங்களே" என்றார் அவர்.

ஆனாலும் எழுதினார். முந்தின தேதிகளையும் ஞாபகப்படுத்தி எழுதினார். வேளை, சோறு, மலத்தின் நிறம் வரைக்கும். இத்தனை அக்கறையாக அவர் யாருக்கும் எதையும் செய்ததில்லை.

அதுதான் உறுத்தியது.

ஒரு காலையில் தெய்வானை நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். வாயுவாக இருக்கும், சுக்குத் தண்ணி குடி என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். குடித்தாள். பத்து மணிக்கு ஆள் இல்லை.

பதினாறாம் நாள் இலை வைத்தபோது சாயங்காலம்வரை காகம் வரவே இல்லை. அக்காவுக்கு என்னமோ மனக்குறை என்றான் மச்சினன். என்ன குறை என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் செல்போனில் பார்த்துப் பார்த்து வடை தட்டக் கற்றுக்கொண்டார். அமாவாசைதோறும் இலை வைத்தார். பார்த்துக்கொண்டு நின்றால் வராது என்பார்கள். வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விடுவார். அரைமணி கழித்து வந்தால், இலை துடைத்துவைத்ததுபோல இருக்கும்.

முதல்முறை அதைப் பார்த்தபோது கொல்லையிலேயே நின்று அழுதார். அவள் கோபம் தீர்ந்துவிட்டது.

நாலு அமாவாசையாக அந்தக் காலி இலையை நம்பித்தான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார்.

நேற்று நோட்டையும் மாதக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாய்க்கு முடியாமல் போன நான்கு தேதிகள். நான்குக்கும் முந்தின நாளில் அமாவாசையின் கறுப்பு வட்டம்.

வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இந்த அமாவாசைக்கு ஜன்னலில் நிற்கிறார்.

பொரி எழுந்தது. சோம்பல் முறித்தது. முன்னங்கால்களைத் துவைக்கிற கல்லில் ஊன்றி, ஓர் உந்து உந்தி மேலே ஏறியது.

"பொரி!"

வடைக்கு அருகே போன மூக்கு அப்படியே நின்றது. திரும்பி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. வழக்கமாகச் செய்கிற வேலையை ஏன் தடுக்கிறார் என்று பார்த்தது.

அவர் போய் அதை இறக்கினார். அறைக்குள் விட்டுத் தாழிட்டார்.

பிறகு காத்திருந்தார்.

காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்தான்.

பன்னிரண்டு. ஒன்று. பாயசத்தில் ஆடை கட்டியது.

இரண்டு மணிக்கு மரகதம் வீட்டு முருங்கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கா, கா என்று கூப்பிட்டார். அது அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டு பறந்துபோனது.

அவள் வரவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, ஒரு மாதமும் வந்ததில்லை.

உள்ளே கதவைப் பிறாண்டும் சத்தம்.

அவர் இலையை எடுத்துவந்தார். வடையையும் பாயசத்தையும் வழித்துப் போட்டார். நெய்ப் பருப்பையும் தள்ளினார். வேறு சோறு எடுத்து, உப்பில்லாமல் தயிர் விட்டு, தெய்வானை நாய்க்குப் பிசைவாளே, அந்த மாதிரியே குழையப் பிசைந்தார்.

இலையைத் திரும்ப மதில்மேல் வைத்தார்.

துவைக்கிற கல் இன்றைக்கு உயரமாகத் தெரிந்தது. மூலையில் கிடந்த ஹாலோ பிளாக் கல்லை நகர்த்திவந்து, அதன் பக்கத்தில் படியாகப் போட்டார். ஆடாமல் இருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தார்.

அறையின் தாழை நீக்கிவிட்டு, முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்த்துக்கொண்டு நின்றால் வராது.

கல்லில் நகம் கீறுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இலை சரசரத்தது.

அவர் தனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டார்.