முப்பது ஆரோக்கியசாலிகள்

பிள்ளையார்பாளையத்தில் முப்பது நெசவாளர்களின் உடல்நிலையைக் கேட்டு எழுதிய நோட்டைச் சாயத் தொட்டியில் போட்டுவிட்டேன். பெரிய நஷ்டமில்லை. முப்பது பேரும் "ஒரு நோவும் இல்ல" என்றுதான் சொல்லியிருந்தார்கள், மனப்பாடமாகவே எழுதிவிடலாம்.

ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா விடவில்லை. "மறுபடி போய்க் கேளுங்க."

இம்முறை தனியாக, சைக்கிளில் போனேன். தறியில் இருந்த காந்தாம்மா, "இடுப்பு வுட்டுப்போச்சுபா. எழுந்தா நிமிர முடியல" என்றார்.

"போன வாரம் சௌக்கியம்னீங்களே?"

"அவரு கூட இருந்தாரே."

"என்னை ஃபியட்டுல வீடு வீடா கூட்டிட்டு வந்த பெரியவரா? தங்கமான மனுஷராச்சே."

"தங்கந்தான். எங்க முதலாளி அவரு. வலிக்குதுன்னா, நெய்யக் குடுக்குற அடுத்த பாவு நூல வேற வூட்டுக்குக் குடுத்துடுவாரு."